கதவு திறப்பவளின் விண்ணப்பம்

வேலை போன புதிதில் எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அப்புறம் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். பரிதாபமே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவள் கேம் புரோகிராம் எழுதுகிறவள். அதிலும் கதவு. ஒருமுறை பல் டாக்டர் அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "கதவுன்னா, கதவை வரையறதா?" என்று கேட்டார். பஞ்சு அடைத்த வாயால் இல்லை என்றாள். வரைவது வேறு ஆள், அது திறக்க வேண்டுமே, அது நான் என்று கையால் ஜாடை காட்டினாள். "திறக்கறதுக்குத் தனியா ஒரு ஆளா?" என்று டாக்டர் சிரித்தார். பிடுங்குவதற்கென்று தனியாக ஒரு ஆள் இருக்கும்போது திறப்பதற்கு இருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தாள். பஞ்சு விடவில்லை.

கதவு லேசான விஷயமில்லை. வீட்டுக் கதவுக்குப் புத்தி உண்டு, இடித்தால் நிற்கும். கேமில் இருக்கிற கதவுக்கு நாம் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. ஆள் நடுவில் நிற்கும்போது மூடினால் என்ன ஆவது? உள்ளேயிருந்து ஒருவன் இழுக்க, வெளியேயிருந்து ஒருவன் தள்ளினால் யார் பேச்சைக் கேட்பது? துரத்தி வரும் பேய் கதவைத் திறக்குமா, தட்டுமா, ஊடுருவுமா? பேய்தானே, ஊடுருவட்டும் என்று விட்டால், அப்புறம் கதவு எதற்கு என்று மேலேயிருந்து கேட்பார்கள். அவளுடைய பழைய கம்பெனியில் ஒரு அரண்மனை கேம். அதில் வாசல்படியில் ஆட்டை நிறுத்திக் கதவைச் சாத்தினால் ஆடு நேரே ஆகாயத்துக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடித்தவன் அங்கே சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த பையன். எந்த இடுக்கில் இருந்தாலும் தவறைத் தேடிப்பிடித்துக் கடிப்பான், மற்றவர்களைத் தூங்க விடமாட்டான் என்பதால் அவனுக்கு மூட்டைப்பூச்சி என்று பெயர். அந்த ஆட்டைத் தரைக்குக் கொண்டுவர அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

கம்பெனியை மூடின விதமும் சொல்லத்தக்கது. ஒரு வியாழக்கிழமை முதலாளி திரையில் தோன்றி, "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்றார். சம்பள உயர்வு இல்லை என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். மறுநாள் காலை அவள் போய் வாசலில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. திரும்பக் காட்டினாள். சிவப்பு. வருஷக்கணக்கில் கதவு திறந்து கொடுத்தவளுக்கு வாசல் கதவு திறக்கவில்லை. காவலாளி மட்டும், "டிபன் பாக்ஸ் ஏதாவது உள்ள இருக்காம்மா?" என்று கேட்டார். குடும்பத்தில் அவர் ஒருவர்தான் அப்படிக் கேட்டவர்.

இப்போது அவள் பிரச்சினை வேலை மட்டுமில்லை. மாடி.

அவள் கணவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். ஊரார் ரத்தத்தில் என்ன குறை என்று சொல்லத் தெரிந்த மனிதர், வீட்டு வாடகை விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். ஒரு சம்பளத்தில் சாப்பாடு நடக்கும், வாடகை நடக்காது. இந்த மாதக் கடைசிக்குள் அவளுக்கு வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கணவருடைய அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. முடிவெடுத்தவர் அந்த அண்ணன். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பெரியவர்.

பெரியவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் வரைவதில் சூரர் என்று பெயர். "அண்ணன் ஒரு லெட்டர் எழுதினா கல்லும் கரைஞ்சிடும்" என்பார் கணவர். கரைந்த கல் எதையும் அவள் பார்த்ததில்லை. பெரியவர் வீட்டு மாடி அறையில் பாதிக்கு மேல் அவருடைய பழைய வரைவுகளின் நகல்கள். குடிவந்தாலும் அவை அங்கேயேதான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சாப்பிடும்போது செய்தித்தாளின் தலையங்கத்தை உரக்கப் படித்து, அதைத் திருத்தி, திருத்தியதை மறுபடி படிப்பார். விருந்துக்குப் போன நாட்களில் அவள் சோறு ஆறிப்போகும். தினமும் அப்படியென்றால் ஆறிய சோற்றுக்கே ஜன்மம் போய்விடும்.

அதனால்தான் விடுதி கேம் கம்பெனி ஒன்றின் வேலை விளம்பரத்தை மூட்டைப்பூச்சி அனுப்பியபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்னக் கம்பெனி. அவர்கள் கேமில் நீங்கள் ஒரு தங்கும் விடுதியை நடத்த வேண்டும். வருகிறவர்களுக்கு அறை கொடுக்க வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும், குழாய் ரிப்பேர் பார்க்க வேண்டும். மனிதர்கள் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, ஓய்வுக்கு இன்னொரு வேலை செய்வது அவளுக்கு எப்போதும் விளங்காத விஷயம். ஆனால் விடுதியென்றால் அறை. அறையென்றால் கதவு. விளம்பரத்தின் அடியில், "விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கவர் லெட்டர் ஒன்று. உங்களை நாங்கள் உணர வேண்டும்" என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை கடைசி நேரம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பெரியவர் வந்துவிட்டார். தம்பிதான் தகவல் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுதியிருந்ததைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். படித்து முடித்து, யாரோ இறந்த செய்தி கேட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அம்மாடி, இது என்னது?"

"கவர் லெட்டர், அத்தான்."

"'கதவு வேலை பார்த்தேன்'னு எழுதியிருக்கியே. படிக்கிறவன் தச்சுப் பட்டறைக்குப் போகவேண்டியது தப்பி வந்துடுச்சுன்னு நினைக்க மாட்டானா?"

"அதைத்தானே பார்த்தேன்."

"பார்த்ததை எல்லாமா சொல்றது? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவன்கிட்ட, பொண்ணு குறட்டை விடுவான்னு சொல்லுவாங்களா?"

கணவர் சமையலறையிலிருந்து, "சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

உண்மையில் அது அவள் அனுப்புவதற்காக எழுதியது இல்லை. பல கம்பெனிகளுக்கு எழுதி எழுதி அவளுக்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. பேரார்வம் கொண்டவள், சவால்களை நேசிப்பவள், குழுவோடு இணைந்து இயங்குபவள். இதையே திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டு, இப்படி ஒருத்தி நேரில் வந்தால் தானே கதவைச் சாத்திவிடுவோம் என்று நினைக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அதனால் இந்தத் தடவை முதலில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு, பிறகு அதற்கு ஜரிகை வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். ஜரிகைக்காரரே நேரில் வந்துவிட்டார்.

"உங்களுக்குன்னு ஒரு நகல் போட்டுத் தரேன். அதுல உங்க இஷ்டத்துக்குத் திருத்துங்க. என்னோடது அப்படியே இருக்கட்டும். கடைசில ரெண்டையும் சேர்த்துக்கலாம்" என்றாள்.

இது புரோகிராம் எழுதுகிறவர்கள் தொழிலில் உள்ள பழக்கம். பலபேர் ஒரே நிரலில் கைவைக்கும்போது ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் இயந்திரம் எல்லா நகல்களையும் ஒன்றாக்கும். ஒரே வரி இரண்டு நகல்களில் இரண்டு விதமாக இருந்தால் மட்டும் அது தீர்ப்பு சொல்லாது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் அம்புக்குறி போட்டு, யாருடையது எது என்று பெயரும் எழுதி, உங்கள் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மனிதர்தான் அழிக்க வேண்டும். நல்ல குணம்தான். பல குடும்பங்களில் இந்தக் குணத்துக்கு ஆளில்லை.

அவள் தன் நகலுக்கு 'நான்' என்றும் அவருடையதற்குப் 'பெரியவர்' என்றும் பெயர் வைத்தாள்.

பெரியவர் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார். மறுபடி தட்டினார். நடுநடுவே, "'நல்கி'யா, 'ஈந்து'வா?" என்று கேட்பார். "எதுவானாலும் சரி அத்தான்" என்பாள். "எதுவானாலும் சரின்னா இலக்கணம் எதுக்கு இருக்கு?" என்பார். அவள் படுக்கையறையில் போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் நெருங்கியபோது அவர் முடித்துவிட்டுக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "என் வரிகளையே வெச்சுக்கோ. உன் வரி எதையும் வெச்சுடாதே. மாடில ஃபேன் மாத்தச் சொல்லியிருக்கேன், கிடைக்கலைன்னாலும் கவலையில்லை" என்றார்.

கடைசி வாக்கியம்தான் அவளைக் கொன்றது.

இருந்தாலும் அவருடைய வரிகளையே வைத்துக்கொள்வது என்று அவளும் முடிவு செய்துவிட்டாள். நான் எழுதிக் கிழித்தது போதும், கல் கரைகிறதா பார்ப்போம் என்ற சலிப்பு. இரண்டு நகல்களையும் சேர்க்க வேண்டும், அம்புக்குறிகளுக்கு நடுவே தன் வரிகளை அழிக்க வேண்டும், அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் சோம்பேறித்தனம் ஒரு புரோகிராமருக்குத் தொழில் தர்மம். பல கம்பெனிகளுக்கு அனுப்பிச் சலித்தவள், ஒரு பொத்தானை அழுத்தினால் கடிதத்தைச் சேர்த்து, அழகாக்கி, விலாசம் போட்டு அனுப்பியும் விடுகிற மாதிரி சின்ன நிரல் ஒன்றை எப்போதோ எழுதி வைத்திருந்தாள். அப்போதெல்லாம் கடிதத்தில் அவள் ஒருத்திதான் கைவைப்பாள், சேர்ப்பதில் சண்டை வராது. சண்டை வந்தால் நில் என்று அதில் ஒரு வரி அவள் எழுதவில்லை. பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரல் திரும்புவதற்குள் 'அனுப்பப்பட்டது' என்று வந்துவிட்டது.

நிரலை இப்படி அம்புக்குறியோடு விட்டால் அது ஓடாது, முரண்டு பிடித்து நின்றுவிடும். கடிதத்தை எப்படி விட்டாலும் ஓடிவிடும்.

அவள் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள்.

<<<<<<< பெரியவர்
மழலைப் பருவந்தொட்டே மின்னணு விளையாட்டுகள் என் மூச்சுக்காற்றாக விளங்கி வந்துள்ளன.
=======
சின்ன வயதில் நான் கேம் விளையாடியதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.
>>>>>>> நான்

<<<<<<< பெரியவர்
முன்னர்ப் பணியாற்றிய நிறுவனத்தில் மெய்நிகர் உலகங்களின் நுழைவாயில்களை வடிவமைத்து, எண்ணற்றோரின் பயணங்களுக்கு வழிவகை நல்கினேன்.
=======
கதவு வேலை பார்த்தேன். திறக்கும், மூடும். நடுவில் ஆள் நின்றால் நிற்கும். ஆடு நின்றாலும் இப்போது நிற்கும்.
>>>>>>> நான்

<<<<<<< பெரியவர்
புதிய சிகரங்களை எட்டும் வேட்கையால் உந்தப்பட்டு அந்நிறுவனத்திடமிருந்து கனிவுடன் விடைபெற்றேன்.
=======
கம்பெனியை மூடிவிட்டார்கள்.
>>>>>>> நான்

<<<<<<< பெரியவர்
மேன்மை தங்கிய தங்கள் நிறுவனத்தின் பொன்வாயிலில் என் எளிய திறன்களைக் காணிக்கையாக்கக் காத்திருக்கிறேன்.
=======
உங்கள் விடுதியில் இரண்டாம் மாடிக் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. பருமனான வாடிக்கையாளர் உள்ளே போனால் வெளியே வர முடிவதில்லை. நான் விளையாடிய விடுதியில் ஒருவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும். களைப்பாக இருக்கிறது. ஆனாலும் முடியும்.
>>>>>>> நான்

அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, மூடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது. 'மேற்படி கடிதத்தைப் புறக்கணிக்கவும்' என்று ஒன்று அனுப்பலாமா என்று யோசித்தாள். கவர் லெட்டருக்கு ஒரு கவர் லெட்டர். அதைத் திருத்த மறுபடி பெரியவர் வருவார். வேண்டாம்.

மூட்டைப்பூச்சிக்கு மட்டும் போனில் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் விசும்பல் மாதிரி கேட்டது. அழுகிறானோ என்று நினைத்தாள். மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சர்வீஸ்ல இவ்வளவு நல்ல தப்பு நான் பார்த்ததே இல்ல. தயவுசெஞ்சு திருத்திடாதீங்க."

"போனை வைடா."

"அந்தக் குளியலறைக்காரர் நிஜமாவே உள்ளேதான் இருக்காரா?"

"போன வாரத்துலேர்ந்து இருக்கார். வாடகை மட்டும் ஏறிட்டே இருக்கு."

"உங்க நெலமைதான்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

இரவு கணவர் வந்ததும் சொன்னாள். அவர் ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தரம் படித்தார். "மேல இருக்கறது நல்லாயிருக்கு. கீழ இருக்கறது புரியுது" என்றார். பிறகு எழுந்துபோய்ப் பரணிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார். மாடிக்குப் போகும்போது பாத்திரம் கட்ட வேண்டுமே. ரத்தத்தில் குறை தெரிந்துவிட்டால் நோயாளியிடம் அவர் வாதாடுவதில்லை.

பாத்திரங்கள் பாதி பெட்டிக்குள் போயிருந்தபோது அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நேரில் வர முடியுமா என்று கேட்டார்கள். எதற்கு என்று கேட்காமலே வருகிறேன் என்றாள்.

குளியலறைச் சாமான் விற்கும் கடைக்கு மேல் இரண்டாவது தளம். படியேறும்போது கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கழிப்பறைக் கோப்பைகள் அவளை மரியாதையாக வரவேற்றன. மேலே சுவரெல்லாம் மஞ்சள். உட்கார நாற்காலி இல்லை, மூட்டை மூட்டையாக மெத்தைகள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வந்துவிடும், எழுந்திருக்க ஆள் வேண்டும். அவர்கள் அழைத்துப்போன அறையின் கதவில் 'சிந்தனைக் குகை' என்று எழுதியிருந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை. மடித்த காகிதம் ஒன்றை இடுக்கில் செருகியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் நிறுவனர். அவர் நீட்டிய அட்டையில் பெயருக்குக் கீழே 'தலைமைக் கனவாளர்' என்று அச்சாகியிருந்தது. இன்னொருவர் அங்கே தலைமைப் புரோகிராமராக இருக்கும் அம்மாள். நரை விழுந்தவர், வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார், கனவே வராத அளவுக்குத் தூக்கம் கெட்ட முகம். கனவு காண ஒருவர், தூங்காமலிருக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள் போலிருந்தார்கள்.

கனவாளர் கடிதத்தின் அச்சுப் பிரதியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"எத்தனையோ லெட்டர் பார்த்தாச்சு. இது வேற. ஒரு மனுஷிக்குள்ள ரெண்டு குரல். ஒண்ணு பறக்குது. இன்னொண்ணு தரையில நிக்குது. இந்த வடிவத்தை எப்படிப் பிடிச்சீங்க?"

தலைமைப் புரோகிராமர் பட்டை கட்டிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "சார், அது வடிவம் இல்ல. நகல் சேர்க்கறப்போ வர்ற அம்புக்குறி. நம்ம ஆபீஸ்ல தினம் வருது."

"உங்களுக்கு எல்லாமே வெறும் அம்புக்குறிதாம்மா. இவங்க அதுல ஒரு அர்த்தத்தைப் பார்த்திருக்காங்க." கனவாளர் அவள் பக்கம் சாய முயன்றார். மெத்தை விடவில்லை. "அந்தப் பெரியவர்... அது உங்களுக்குள்ள இருக்கிற மூத்த ஆன்மாதானே?"

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரரோட அண்ணன்" என்றாள்.

கீழே கடையில் யாரோ குழாயைத் திறந்து சோதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

அவள் நடந்ததைச் சொன்னாள். சண்டை வந்தால் நில் என்று ஒரு வரி எழுத மறந்ததையும் சொன்னாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது. தலைமைப் புரோகிராமர் முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பதற்கும் அவருக்குக் கை வலித்தது போலிருந்தது.

"அந்தக் குளியலறை ஆளை விடுங்க. மூணாவது மாடில பரண் அறை பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அங்க கதவு ரெண்டு பக்கமும் திறக்குது. அதனால திறந்துகிட்டே இருக்கு."

"ஏன்?"

"காத்துல ஆடற மாதிரி யாரோ வெச்சிருக்காங்க. ஆனா மூடியாச்சான்னு கேட்கிற இடத்துல, மூடற கோணம் சரியா வந்தாத்தான் மூடினதா கணக்கு. அது சரியா வரவே வராது. கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் மூடினதா எடுத்துக்கணும்."

"அந்த யாரோ நான்தான்" என்றார் தலைமைப் புரோகிராமர். பிறகு கனவாளரிடம், "எனக்கு இவங்க வேணும் சார். திங்கக்கிழமையே வரட்டும்" என்றார்.

கனவாளர் கடிதத்தை மடித்தார், பிரித்தார். "எடுத்துக்கலாம். ஆனா எனக்குப் பெரியவர் வேணும்."

"எதுக்கு சார்?" இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"விளையாடறவங்க தினம் திட்டி எழுதறாங்க. கட்டில் காணோம், காசு காணோம், கதவு திறக்கலை. நம்ம பசங்க 'ஓகே, பார்க்கிறோம்'னு பதில் போடறாங்க, அவன் இன்னும் கோபமாகறான். இந்த மாதிரி ஒருத்தர், 'தாங்கள் நல்கிய மேலான கருத்தினைக் கனிவுடன் பெற்றுக்கொண்டோம்'னு ஒரு பக்கம் எழுதினார்னா, திட்ட வந்தவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள களைச்சுடுவான். ரெண்டு பேரும் சேர்ந்து வர்றதா இருந்தா சரி. ஜோடியாத்தான் இந்த லெட்டர் அழகு. அவரையும் ஒரு கவர் லெட்டர் அனுப்பச் சொல்லுங்க, நாளைக்குள்ள."

தலைமைப் புரோகிராமர் அவளைப் பார்த்தார். 'இங்கே இப்படித்தான், பழகிவிடும்' என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். வேலை கிடைத்தது, வீடு நின்றது, சாப்பாட்டு வேளைக்குத் தலையங்கம் இல்லை. ஆனால் பக்கத்து மேசைக்குப் பெரியவர். மாடிக்குப் போகாமல் தப்பித்தோம் என்று பார்த்தால் மாடியே இறங்கி வருகிறது. அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? ஓய்வுபெற்ற பிரிவுத் தலைவர், குளியலறைக் கடைக்கு மேலே வேலைக்கு வருவாரா? அப்போது தனக்கும் வேலை இல்லை. இதில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பெரியவர் வீட்டுக்குப் போனபோது அவர் மாடி அறைக்குப் புது மின்விசிறி மாட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அம்புக்குறி கதையை விட்டுவிட்டு, "உங்க வரிகளைப் பார்த்துட்டுதான் கூப்பிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். பாதி உண்மை. முழுதாகவே கூட இருக்கலாம்.

"நான் சொல்லலை?" என்றார் பெரியவர். மின்விசிறிக்காரரிடமும் ஒருமுறை, "நான் சொல்லலை?" என்றார். அவர் ஏணியிலிருந்தபடி ஆமாம் என்றார்.

"உங்களையும் வேலைக்குக் கேக்கறாங்க, அத்தான். நீங்க வந்தாத்தான் எனக்கும்."

பெரியவர் யோசித்துச் சொல்கிறேன் என்ற முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார், அது நிற்கவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்து, தலையங்கத்தைத் தவிர வேறெதையும் யாரும் தன்னிடம் திருத்தக் கொடுக்காத மனிதரின் முகம் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"ஒரு கவர் லெட்டர் வேணுமாம். நாளைக்குள்ள."

"அதுக்கென்ன, ஒரு நொடி வேலை" என்று கீழே போனார்.

மின்விசிறி மாட்டி முடிந்தது. மின்விசிறிக்காரர் போய்விட்டார். அவள் கீழே வந்தபோது பெரியவர் மடிக்கணினி முன் ஒற்றை விரலைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் 'மேன்மை தங்கிய' என்று மட்டும் இருந்தது.

"வரலைம்மா" என்றார். "மத்தவங்களுக்குன்னா கொட்டுது. என்னைப் பத்தின்னா..."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் வலித்தது.

"பெரிய வார்த்தை வேண்டாம் அத்தான். ஆபீஸ்ல என்ன வேலை பார்த்தீங்க?"

"பிரிவுத் தலைவரா..."

"அது நாற்காலி. வேலை என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். "வந்த லெட்டருக்குப் பதில் எழுதினேன்" என்றார் கடைசியில்.

"யார் கையெழுத்துல போகும்?"

"மேலே இருக்கிறவங்க கையெழுத்துல. என் பேர் எதுலயும் வராது."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, 'வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். ஒன்றுகூட விட்டதில்லை' என்று தட்டினாள். "விட்டதில்லதானே?"

"ஒண்ணு கூட இல்ல" என்றார். பிறகு எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான். வேணும்னா மேல உங்க வரி ஒண்ணு போட்டுக்குங்க. அவங்களுக்கு ரெண்டும் இருந்தாத்தான் பிடிக்குது."

அவர் யோசித்தார். 'மேன்மை தங்கிய' என்பதை அழிக்க விரலைக் கொண்டுபோனார், மனசு வராமல் திரும்பினார். அது அங்கேயே இருந்தது. அவள் இந்தத் தடவை தன் நிரலை நம்பாமல், விலாசத்தைக் கையால் தட்டி அனுப்பினாள்.

"ஆபீஸ் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"பஸ்ல ஒரு மணி நேரம் ஆகும்."

"நல்லதாப் போச்சு. தலையங்கத்தை பஸ்லயே வெச்சுப் படிச்சுடலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜன்னல் பக்கம் உனக்கு வேணுமா?"

"நீங்களே உக்காருங்க, அத்தான்" என்றாள். தான் நின்றுகொண்டு போனால் தலையங்கம் பாதிதான் கேட்கும் என்று ஒரு கணக்கு.